கூலி என்பது காசின் பெயர், ஆளின் பெயரல்ல!

சில சொற்கள் இருக்கின்றன. காதில் விழுந்த மாத்திரத்திலேயே எரிச்சல் மூட்டும். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தொடங்குவார் ஒருவர். தப்பாக நினைப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத ஒன்றைத்தான் அடுத்தபடியாகச் சொல்வார். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க" என்பார் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள் அதே கதையை லயம் முழுவதும் அவரே சொல்லி முடித்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால், "என்னா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?" என்று ஒருவர், நாலடி தள்ளி, "என்னா, நல்லா பெருத்துட்டீங்களே!" என்று மற்றொருவர். கடன் வாங்கியவர் சொல்லும் "சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்" இருக்கிறதே, அது எந்த மாதத்துச் சம்பளம் என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்கவே முடியாது.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடியவை. இவற்றால் யாருடைய வாழ்வும் கெட்டுப் போவதில்லை. ஆனால், சிரித்துத் தள்ள முடியாத சொற்களும் நம் மத்தியில் அன்றாடம் புழங்கத்தான் செய்கின்றன. அவை மனிதனைச் சிறுமைப்படுத்துகின்றன. பிள்ளைகளின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் நமக்கே உறைக்காமல் போகின்றன. அப்படிப்பட்ட சொற்களைப் பற்றித்தான் தோட்டத்துப் பெருமக்களோடு பேச விரும்புகிறோம்.

பெயர் மாறிய கதை

முதலில் 'கூலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

கூலி நம்முடைய சொல். செய்த வேலைக்குக் கிடைக்கின்ற ஊதியம் என்பதே அதன் பொருள். திருவள்ளுவரே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். விதி கைவிட்டாலும் உடம்பை வருத்தி உழைத்தவனுக்கு அந்த உழைப்பின் அளவுக்குப் பலன் உண்டு என்று பேசுகின்ற இடத்தில்தான் அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. எவ்வளவு மரியாதையான இடம், பாருங்கள்!

அதே ஒலியுள்ள சொல் வெள்ளைக்காரன் ஆட்சியில் என்ன ஆனது? காசுக்கு இருந்த பெயர், காசுக்காக உழைத்த ஆளுக்குப் பெயராகிவிட்டது. கப்பலில் வந்தவன் கூலி. அவன் குடியிருந்த வீடு கூலி லைன். அவன் பெண்டாட்டியும் கூலி, பிள்ளையும் கூலி. ஒரு மனிதனுக்கு அப்பன் ஆத்தா வைத்த பெயர் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். ஒப்பந்த முறையில் இந்தியத் தொழிலாளரை மலாயாவுக்குக் கொண்டுவருவது 1910ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. கங்காணி முறைக்கும் 1938இல் முடிவு வந்தது. உதவி கொடுத்துத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசாங்கம் அந்த ஆண்டில் தடை செய்தது. முறைகள் போயின. சொல் மட்டும் போகவில்லை. மலாய் மொழியிலும் அது 'கூலி'யாகவே தங்கிவிட்டது.

இதில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. கூலி வாங்குவது கேவலம் அல்ல. உழைத்துக் கூலி வாங்குகிறவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால், கூலி வாங்குகிறவன் 'கூலி' ஆகமாட்டான். அவன் தொழிலாளி. 1954இல் தோட்ட மக்களின் சங்கங்கள் ஒன்றிணைந்தபோது, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்றுதானே பெயர் வைத்தார்கள்? கூலிகள் சங்கம் என்று யாரும் வைக்கவில்லை. காரணம் இல்லாமலா?

சைக்கிளும் சுயமரியாதையும்

"பேர்ல என்னாங்க இருக்கு? சம்பளம் ஒசந்தா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறோம்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்றார்கள். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒழுங்கான வைத்தியம், கள்ளுக்கடை மூடல் ஆகியவையும் இருந்தன. நம் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடக்கக் கூடாது என்பதும் இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்!

எண்ணிப் பாருங்கள். சைக்கிளிலிருந்து இறங்கினால் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. இறங்காமல் போனால் ஒரு காசு கூடாது. ஆனாலும் அதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தார்களே, ஏன்? வயிற்றுக்குச் சோறு எவ்வளவு தேவையோ, மனிதனுக்கு மரியாதையும் அவ்வளவு தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத அந்த மக்கள் இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கேட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவர்கள் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று, "வாடா, போடான்னா என்னாங்க, வேலைக்காரன்தானே" என்று சொல்லலாமா? வயதில் மூத்த தொழிலாளியை வேலைக்காட்டில் 'டேய்' என்று கூப்பிடுகிற கங்காணி, அதே தொழிலாளியை மாரியம்மன் கோயில் திருவிழாவில் 'அண்ணே' என்று கூப்பிடுகிறார். கோயிலில் வருகிற மரியாதை பெரட்டில் வராமல் போவது ஏன்? வேலை வாங்குவதற்கு 'டேய்' தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வேலை நடக்கும்.

கொடுக்கிறார்களா, வரவேண்டியதா?

அடுத்து ஒரு சொல். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். "கொடுக்கிறாங்க" என்பதே அது.

"கம்பெனி சம்பளம் கொடுக்குது", "வீடு கொடுத்திருக்காங்க", "தண்ணி, கரண்டு கொடுத்திருக்காங்க, வேற என்னா வேணும்?" இப்படிப் பேசிப் பேசி, எல்லாம் யாரோ மனமிரங்கிப் போட்டவை என்று நம் பிள்ளைகளும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். உண்மை என்ன? தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமும் சட்டத்தின்படி வருவதுதான். 2013இல் தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் சிறிய முதலாளிகளுக்கும் பொருந்துவதாயிற்று. இது தருமம் அல்ல. பொழுது விடியுமுன் எழுந்து மரம் சீவியதற்கும், வெயிலில் நின்று செம்பனைக் குலை அறுத்ததற்கும், குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியதற்கும் வரவேண்டிய பணம்.

ஆகவே, "கொடுத்தாங்க" என்று சொல்வதற்குப் பதில் "எனக்கு வரவேண்டியது வந்துச்சு" என்று சொல்லிப் பழகுவோம். வரவேண்டியது வராதபோது கேட்கின்ற தைரியம் அந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கும். தருமம் குறைந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. கணக்குக் குறைந்தால் கேட்கலாம். தொழிலாளர் இலாகா வரை போய்க் கேட்கலாம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எரிச்சல் வார்த்தை நிற்கிறது: "பார்க்கலாம்". கூரை ஒழுகுகிறது என்றால், பார்க்கலாம். கால்வாய் அடைத்திருக்கிறது என்றால், பார்க்கலாம். தோட்டம் கைமாறுகிறது, எங்கள் வீட்டுக்கு என்ன வழி என்று கேட்டால், மேலே எழுதியிருக்கிறது, பார்க்கலாம். ஒரே சொல்லில் ஒரு தலைமுறையையே காத்திருக்க வைத்துவிடுவார்கள். இந்தச் சொல்லுக்கு மருந்து ஒன்று உண்டு. சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். "எந்தத் தேதிங்க ஐயா? தாள்ல எழுதிக் கொடுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். தேதி போட்டு எழுதிய தாள் கையில் இருந்தால், 'பார்க்கலாம்' என்ற சொல் அவ்வளவு சுலபமாகத் திரும்ப வராது.

வீட்டுக்குள் புழங்கும் சொற்கள்

வெளியார் சொல்லுகிற சொற்களை மட்டும் குறை கூறிவிட்டு எழுதுகோலை வைத்துவிட நாம் தயாராக இல்லை. நம் அடுப்படியிலும் திண்ணையிலும் புழங்குகின்ற சொற்களையும் பார்க்க வேண்டாமா?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கணக்கில் குறைந்த மார்க்கு வாங்கிவிட்டான். அப்பன் என்ன சொல்கிறார்? "நீ படிச்சுக் கிழிச்சது போதும், நாளைக்கு மங்கு கழுவத்தானே போவப் போற!" கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்தப் பிள்ளை அதில் இரண்டு பாடம் படித்துக்கொள்கிறது. ஒன்று, தனக்குப் படிப்பு வராது. இரண்டு, தன் அப்பன் செய்கிற வேலை கேவலமானது. இரண்டுமே பொய்! அப்பனுடைய வேலையையே திட்டுவதற்கு உரிய சொல்லாக ஆக்கிவிட்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு அப்பனை எப்படி மதிக்கும்?

"தமிழ்ப்பள்ளியில படிச்சு என்னா ஆவப் போவுது?" என்ற பேச்சும் இதைச் சேர்ந்ததே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மாட்டுக் கொட்டகை போன்ற இடங்களிலும், கங்காணியே வாத்தியாராக இருந்த இடங்களிலும் தொடங்கிய பள்ளிகள் அவை. இன்று நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் டாக்டராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஆகியிருக்கிறார்கள். கண்ணெதிரே இதைப் பார்த்துக்கொண்டே, "என்னா ஆவப் போவுது" என்று கேட்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பிறகு, 'சும்மா' என்ற சொல். "வீட்டுக்காரம்மா என்னா செய்றாங்க?" என்று கேட்டால், "சும்மாதான் வீட்ல இருக்கு" என்பார் நம்மவர். சும்மாவா? விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டியது யார்? பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது யார்? துணி துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, கொல்லையில் நாலு வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? வேலைக்காட்டுக்குப் போகிற பெண்களுக்கோ இவ்வளவுக்கும் மேலே ஒரு நாள் வேலையும் இருக்கிறது. ஆண் நான்கு மணி நேரம் தூங்கினாலும் அது 'களைப்பு'. பெண் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அது 'சும்மா'! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

கடைசியாக, 'தலையெழுத்து'. எதற்கெடுத்தாலும் தலையெழுத்து. பிறப்புப் பத்திரம் இல்லை, தலையெழுத்து. பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான், தலையெழுத்து. இந்தச் சொல் ஆறுதல் மாதிரி வந்து கைகளைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. எழுதாத மனுவுக்கும் போகாத அலுவலகத்துக்கும் பிரம்மாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நாம் பிறருக்கு வைக்கும் பெயர்

இன்னும் இரண்டு செய்திகள். இவை கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2011ஆம் ஆண்டில், ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக வைக்கப்பட்ட 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவலை எதிர்த்து நம் சமூகம் கொதித்து எழுந்தது. நம்மவரைக் குறிப்பதற்கு அதில் சாதிப் பெயர் ஒன்று வந்ததே காரணம். கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின, முடிவில் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நியாயமான எதிர்ப்பு. ஆனால் அதே சாதிப் பேச்சு நம் லயங்களில் இல்லையா? மாப்பிள்ளை பார்க்கும்போது, "அவங்க என்னா ஆளுங்க?" என்று காதோடு காதாக யாரும் கேட்பதில்லையா? கள் உள்ளே போனதும் அந்த வார்த்தை வசவாக வெளியே வருவதில்லையா? பிறர் எழுதினால் அவமானம், நாமே பேசினால் வழக்கம் என்றால் அது என்ன நீதி? புத்தகத்திலிருந்து நீக்கியதை நாக்கிலிருந்தும் நீக்குவதுதானே முறை?

மற்றொன்று. இன்று செம்பனைக் காடுகளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம்மவர் சிலர் பேசுவதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. "அந்தப் பங்களாவை கூப்புடு", "இந்தோன்காரன்தானே, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்", "இவனுங்க வந்துதான் ஊரே கெட்டுப் போச்சு." இந்த வார்த்தைகள் நமக்குப் புதியவையா? பெயர் இருந்தும் பெயர் சொல்லாமல், ஊரையே பெயராக்கி, ஊரையே வசவாக்கி அழைப்பது யார் யாரை அழைத்த வழக்கம்? நம் பாட்டன் பூட்டன் காதில் விழுந்து, அவர் நெஞ்சைப் புண்ணாக்கிய அதே வழக்கம் அல்லவா? சம்பளம் குறைகிறதென்றால் அதைக் குறைப்பவர் மீது குறை சொல்வோம். குறைந்த சம்பளத்துக்கு வந்து அல்லல்படுகிறவர் மீது சொல்ல வேண்டாம். அவரும் கடன் பட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுக் கடல் கடந்து வந்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கேட்டால் சொல்வார்.

அதேபோல், பட்டணத்துக்குக் குடிபோன நம் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. "எஸ்டேட்டு மாதிரி பேசாதே", "எஸ்டேட்டுப் புத்தி" என்று பிள்ளைகளை அதட்டுவதை நிறுத்துங்கள். எந்த எஸ்டேட்டைச் சொல்கிறீர்கள்? ரப்பர் விற்று இந்த நாடு சம்பாதித்த காலத்தில், அந்த ரப்பரை மரத்திலிருந்து வடித்தெடுத்த கைகள் இருந்த எஸ்டேட்டையா? உங்களைப் படிக்க வைப்பதற்காக ஒட்டுப்பால் பொறுக்கிய ஆத்தா வாழ்ந்த எஸ்டேட்டையா?

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். மாநாடு வேண்டாம், தீர்மானம் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதத்துக்கு நாலே நாலு சொற்களை மட்டும் தள்ளி வைத்துப் பார்ப்போம். பிள்ளையைத் திட்டும்போது நம் வேலையின் பெயரை இழுக்க மாட்டோம். பெண்களைப் பற்றிப் பேசும்போது 'சும்மா' என்ற சொல்லைத் தொட மாட்டோம். சாதிப் பேச்சை வீட்டு வாசலில் ஏற்ற மாட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளியைப் பெயர் சொல்லி, 'தம்பி' என்றோ 'அண்ணே' என்றோ கூப்பிடுவோம். இதற்கு ஒரு காசு செலவில்லை.

நம்மை மட்டமாகக் கூப்பிடுகிற மேலாளோ அதிகாரியோ இருந்தால், பயப்படாமல், ஆத்திரப்படாமல், "என் பேரு இது, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் முறைப்பார்கள். பெரட்டில் நிற்கிற பத்துப் பேரும் சேர்ந்து சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். கிள்ளான் தோட்டங்களில் அன்றைக்குச் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் சொன்னார்கள்.

இன்று இரவு பிள்ளைகள் பாடம் படிக்க உட்காரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நல்ல வார்த்தை ஒன்று சொல்லித் தொடங்குவோம்.